பங்காளி விலை

லேசர் மீட்டரைக் கொஞ்ச நேரம் பைக்குள் வையுங்கள். சுவர் எங்கேயும் ஓடிப் போகாது, பிறகு அளந்துகொள்ளலாம். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு, ஒரு வீட்டுக்கு நான் தப்பாக விலை போட்ட கதையைச் சொல்லப் போகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் வீடும் மனையும் மதிப்பீடு செய்தவன் நான். ஓமலூர், ஆத்தூர், நாமக்கல் என்று வங்கிகள் அனுப்பிய இடத்துக்கெல்லாம் பைக்கில் போய்வந்திருக்கிறேன். சரியாகப் போட்ட விலைகளில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. தப்பாகப் போட்ட இது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது.

தப்பு என்றால் கூட்டல் கழித்தல் தப்பு இல்லை. பத்திரம் பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன், மூலைக்கு மூலை அளந்தேன், தெருவில் நாலு பேரை விசாரித்தேன். விசாரித்தவர்களில் ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. அப்படியும் விலை தப்பாகத்தான் போனது. அதனால்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் தொழிலை விடுவதற்கு மூன்று வருஷம் முன்பு ஒருநாள் ஒரு அம்மா போனில் கூப்பிட்டார். "ஏனுங்க, ஊட்டுக்கு வெலை போடற பாய்ங்களா?" என்றார். இருபத்தைந்து வருஷமாக விசிட்டிங் கார்டில் நான் என்னென்னவோ அச்சடித்து வைத்திருந்தேன். அவர் சொன்னது அதையெல்லாம் விடத் தெளிவாக இருந்தது. ஆமாம்மா, நான்தான் என்றேன்.

அவர் பெயர் சரஸ்வதி. நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு ஒரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர். கணவர் ரிக் வண்டி ஓட்டியவர், ஆழ்துளைக் கிணறு போடுவதற்காக ஊர் ஊராக அலைந்தவர், இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் கவிதா, நாமக்கல்லில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகனுக்கு லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை. சரஸ்வதியம்மா தனியாக அந்த ஊரில் இருந்தார். மூன்று அறை மச்சு வீடு, முன்னால் ஒரு வண்டி திரும்புகிற அளவுக்கு வாசல், பின்னால் ஒரு வேப்பமரம்.

வீட்டை விற்பதென்று முடிவு செய்திருந்தார். வாங்குவதற்கும் ஆள் இருந்தது. கணவரின் சித்தப்பா மகன் பொன்னுசாமி, அடுத்த வீடுதான். இருபத்துமூன்று லட்சம் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

"அவரு கேக்கற வெலை நாயமான்னு எனக்குத் தெரியோணுங்க. அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டது" என்றார் சரஸ்வதியம்மா.

நாமக்கல்லில் மகள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு பார்த்து வைத்திருந்தார். இரண்டு அறை, ஒரு சமையலறை. முப்பத்தொரு லட்சம். அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுக்கிறேன் என்றிருந்தார். கையில் சேர்த்து வைத்தது கொஞ்சம்தான். இந்த வீடு முப்பதையாவது தொட்டால்தான் அந்த வீடு.

"தொடாவிட்டால் மகள் வீட்டோடு இருந்துகொள்ளலாமே அம்மா" என்று நான் சும்மா இருக்காமல் கேட்டு வைத்தேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மருமகன் நெம்ப நல்லவருங்க பாய். ஒரு கொறை சொல்ல முடியாது. அதுக்காவ மருமகன் ஊட்டுல போயிக் குடியிருக்க முடியுங்களா? ஒறம்பரையாப் போனமா, கை நனைச்சமா, வந்தமான்னு இருக்கோணுங்க. அங்கயே தட்டத் தூக்கிக்கிட்டு நின்னா எம் புள்ளைக்கே மதிப்பில்லீங்க."

ஒறம்பரை என்றால் விருந்தாளி, கை நனைப்பது என்றால் சாப்பிடுவது. அவருக்கு வேண்டியது ஒரு கதவு. அது அவர் பெயரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது எனக்கு அன்றே புரிந்தது. புரிந்தும் சொதப்பினேன் என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நான் செய்த வேலையைச் சொல்கிறேன். அந்தத் தெருவில் கடைசி நாலு வருஷத்தில் மூன்று வீடு கைமாறியிருந்தது. பத்திரத்தில் எழுதுகிற விலை வேறு, கையில் கொடுக்கிற விலை வேறு என்பது உங்களுக்கும் தெரியும். அதனால் பத்திரத்தை மட்டும் நம்பாமல் தெருவில் இறங்கிக் கேட்டேன். வெயிலில் நின்று, மோர் வாங்கிக் குடித்து, மெதுவாகப் பேச்சைக் கொடுத்தேன். மூன்று வீட்டுக்கும் உண்மையில் எவ்வளவு கைமாறியது என்று சொல்லிவிட்டார்கள். ஒளிக்கவே இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனது. அடடா, இன்றைக்கு நல்ல வேட்டை என்று எனக்கு ஒரே பெருமை. கணக்குப் போட்டேன். இருபத்துமூன்றரை லட்சம் வந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் பிரித்த மனைகளில் விலை ஏறிக் கிடந்ததும் எனக்குத் தெரியும். பக்கத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் வந்த பிறகு, பிள்ளைகளைப் படிக்க வைக்க வெளியூர்க்காரர்கள் வீடு தேடி வந்துகொண்டிருந்தார்கள். ஆனால் அது லே-அவுட், இது ஊருக்குள் தெரு என்று அதை ஒதுக்கிவிட்டேன். தெருவுக்குள்ளேயே மூன்று விற்பனை கையில் இருக்கும்போது எதற்கு வெளியே போவது என்ற மெத்தனம்தான்.

காகிதத்தைக் கொடுத்தபோது சரஸ்வதியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த எண்ணை மட்டும் பார்த்தார். பிறகு மடித்து வைத்தார்.

"அப்ப பொன்னுச்சாமி நாயமாத்தான் கேட்டிருக்காருங்க. நாந்தேன் மனசுக்குள்ள அவரத் தப்பா நெனச்சுப்போட்டேன்" என்றார். அப்புறம், "சரி போகட்டுமுங்க. மக ஊட்டு மாடியில ஒரு ரூம்பு இருக்குது" என்றார்.

நான் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சேலத்துக்கு வண்டியை எடுத்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. நம் கையில் என்ன இருக்கிறது, உள்ளதைச் சொன்னோம் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். இந்த வார்த்தை உங்கள் வாயிலும் வரும். வரும்போதெல்லாம் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. அதே பக்கத்தில் வேறொரு ஊரில் ஒரு கோழிப்பண்ணையை மதிப்பிடப் போயிருந்தேன். பண்ணைக்காரர் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சை எடுத்தார்.

"சரசக்கா ஊட்டுக்கு வெலை போட்ட பாய் நீங்கதானுங்களா? இருவத்திமூணரைன்னு எழுதிக் குடுத்தீங்களாமா?"

ஆமாம் என்றேன். குரலில் பெருமை இருந்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் மூன்று வீட்டுக்கும் உண்மையான விலை எனக்குத் தெரியும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதெல்லாம் பங்காளி வெலைங்களே பாய்!"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அந்தத் தெருவே ஒரே தாத்தாவின் வழியில் வந்த குடும்பங்கள். வீட்டை விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால்தான் வெளியாள். பங்காளிக்கு ஒரு விலை, வெளியாளுக்கு ஒரு விலை. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைத் தனியாகச் சொல்வதும் இல்லை.

"மொத ஊடு, அண்ணன் தம்பிக்குக் குடுத்தது. அவங்கம்மாளக் கடைசி வரைக்கும் தம்பிதானுங்க பாத்தாரு. ரெண்டாவது ஊட்டுக்கு வாங்கினவரு பணம் போக ஒன்னரை ஏக்கர் கெணத்துக் காடும் சேத்துக் குடுத்தாருங்க. மூணாவது, வித்தவரு புள்ளைக்குக் கண்ணாலமே வாங்கினவருதானுங்க பண்ணி வெச்சாரு. நீங்க ரொக்கத்த மட்டும் கேட்டிருப்பீங்க. அவுங்களும் ரொக்கத்த மட்டும் சொல்லியிருப்பாங்க."

நான் சேலம் பஜாரில் வளர்ந்தவன். என் அத்தா, பெரியத்தாவிடமிருந்து பாத்திரக்கடையை வாங்கியபோது, வெளியாள் என்ன விலை சொன்னாரோ அதே விலையைத்தான் எண்ணிக் கொடுத்தார். கூடப்பிறந்தவருக்குக் குறைத்துக் கொடுத்தால் பின்னால் பேச்சு வரும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதையே உலக வழக்கம் என்று நினைத்துக்கொண்டு நாமக்கல் பக்கம் போயிருக்கிறேன் பாருங்கள். என் கையில் இருந்த மூன்று பத்திரத்திலும் வாங்கியவரின் தாத்தா பெயரும் விற்றவரின் தாத்தா பெயரும் ஒன்றுதான். கண் முன்னால் இருந்தது. நான் சதுரடியைப் படித்தேன், தொகையைப் படித்தேன், ஆளைப் படிக்கவில்லை.

"அப்படியானால் சரஸ்வதியம்மாவுக்கு அந்த விலையோடு வேறு என்ன தருகிறார்கள்?" என்று கேட்டேன்.

"அவுங்களுக்கு என்னத்தங்க? கண்ணாலம் பண்ணி வெக்கப் பையனும் இல்லை. வெலை மட்டுந்தான். அதுவும் இன்னைக்கு அட்வான்ஸு. பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துருமுங்க, அதுக்குள்ள முடிச்சுருவாங்க."

மணி பதினொன்று பத்து. சரஸ்வதியம்மாவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பண்ணைக் கணக்கை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். வழியில் ஒரு ரிக் லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த டிரைவரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, பாவம்.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. முன்னறையில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மஞ்சள் பை. பத்திரம் எழுதுகிறவர் ஒப்பந்தத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். சரஸ்வதியம்மா கதவோரம் நாற்காலியில் இருந்தார். பக்கத்து மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனில் என் பெயர்தான் மின்னிக்கொண்டிருந்திருக்கும்.

பொன்னுசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார். "வாங்க பாய்! நல்ல நேரத்துக்கு வந்தீங்க. வெலை போட்டவரே சாட்சிக் கையெழுத்தும் போட்டுருங்க."

அந்த நிமிஷத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். பத்துப் பேர் முன்னால், என் கையெழுத்துப் போட்ட என் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒரு காரியம் நடக்கிறது. வாயைத் திறந்தால் என் மானம் போகும். இந்தப் பேச்சு நாமக்கல் வரை போகும், வங்கி மேனேஜர்கள் காதுக்கும் எட்டும். திறக்காவிட்டால் அந்த அம்மா மகள் வீட்டு மாடி ரூமுக்குப் போவார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு விநாடி நான் யோசித்தேன். யோசித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சாட்சிக் கையெழுத்து போட முடியாதுங்க. நான் குடுத்த காகிதமே தப்பு" என்றேன்.

படித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். யாரோ இருமினார்கள். பொன்னுசாமியின் முகம் சிவந்துவிட்டது.

"என்னுங்க பாய் இது? ரெண்டு வாரமா சரியா இருந்தது இன்னைக்குத் தப்பாப் போச்சுங்களா? வேற எவனாச்சும் எச்சா வெலை கேட்டு உங்கள அனுப்பிச்சு உட்டானா?"

"யாரும் அனுப்பலீங்க. நானேதான் முட்டாள்தனம் பண்ணிட்டேன்."

"அப்ப சரியான வெலை என்னன்னு இப்பவே சொல்லுங்க பாக்கலாம்!" என்றார் இன்னொருவர். எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

என் நாக்கு நுனியில் ஒரு எண் இருந்தது. பைக்கில் வரும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். சொல்லிவிட்டால் நான் மறுபடியும் கெட்டிக்காரன் ஆகிவிடுவேன். ஆனால் அளக்காமல், விசாரிக்காமல் சொல்கிற எண், அது எவ்வளவு பெரியதானாலும், இரண்டாவது தப்பு. அதை நம்பி பொன்னுசாமி கோபத்தில் எழுந்து போய், வெளியில் அந்த விலைக்கு ஆளும் கிடைக்காமல் போனால், அந்த அம்மாவுக்கு இரண்டும் இல்லாமல் போகும். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"நாலு நாள் குடுங்க. காசு வேண்டாம். சரியாகப் பாத்துக் குடுக்கறேன்."

சரஸ்வதியம்மா எழுந்து வந்து என் பழைய காகிதத்தை நீட்டினார். "ஏனுங்க பாய், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தப்புன்னா எச்சத் தப்பா, கம்மித் தப்பா?"

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "வீடு அதை விடக் கம்மியாக இருக்காதும்மா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் காகிதத்தின் குறுக்கே கோடு போட்டு, 'ரத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பேச்சு முற்றியது. இருபது நிமிஷம் ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். அப்புறம் ஒரு பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டு ஆயிப்போச்சு சாமி, ராகு காலம். இனி எதுவும் எழுத வேண்டாம், எந்திரிங்க" என்றார். ஐந்து வேளை தொழுகிற நான் வாழ்நாளில் ராகு காலத்தை அப்படி வரவேற்றது அன்றைக்குத்தான்.

அடுத்த நாலு நாள் ஓயாமல் அலைந்தேன். பஸ் நிறுத்தத்துப் பக்கம், பள்ளிக்கூடத்துப் பக்கம், அடுத்த இரண்டு தெரு. கிடைத்த ஒவ்வொரு விற்பனைக்கும் இந்த முறை கேள்வியை மாற்றினேன். யார் விற்றது, யார் வாங்கியது, இருவருக்கும் என்ன உறவு, பணத்தோடு வேறு என்ன கைமாறியது? இவை நாலும் தெரிந்த பிறகுதான் எவ்வளவு என்று கேட்டேன். வெளியாள் வெளியாளிடம் வாங்கியது மட்டும் ஏழு தேறியது. முப்பத்தெட்டு லட்சம் வந்தது. சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, ஞாயிற்றுக்கிழமை காலை கொண்டுபோனேன்.

சரஸ்வதியம்மா எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நெம்ப எச்சுங்களே பாய்" என்றார்.

"எச்சு இல்லைம்மா, அதுதான் விலை" என்றேன்.

சரி, விலை கிடைத்துவிட்டது, வெளியாளைத் தேடப் போவார் என்று நான் நினைத்தேன். அவர் பொன்னுசாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். எதற்கம்மா என்றேன். "மொதல்ல பங்காளியத்தான் கேக்கோணும். அது மொறைங்க" என்றார்.

பொன்னுசாமி விறைப்பாக வந்தார், என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. காகிதத்தைப் பார்த்தார். அண்ணியை அந்தப் பக்கம் 'நங்கை' என்பார்கள். "ஏனுங்க நங்கை, வெளியாள் வெலைய எங்கிட்டயே கேக்கறீங்களா? இந்தத் தெருவுல எவனாச்சும் பங்காளிகிட்ட இப்படிக் கேட்டிருக்கானா? நான் என்ன ஏமாத்தவா வந்தேன்?"

அவர் ஏமாற்ற வரவில்லை என்பதை நானும் இப்போது சொல்லியாக வேண்டும். அந்தத் தெருவில் வீட்டு விலை என்றால் அதுதான் என்று மனமார நம்பியவர் அவர். என் காகிதம் அதற்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது.

சரஸ்வதியம்மா கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: "பங்காளி வெலைக்கே தாரேனுங்க தம்பி. பங்காளிக வாங்கறப்ப ஒருத்தரு அம்மாளப் பாத்துக்கிட்டாரு, ஒருத்தரு காடு குடுத்தாரு, ஒருத்தரு கண்ணாலம் பண்ணி வெச்சாரு. எனக்குக் காடும் வேண்டாம், கண்ணாலமும் வேண்டாம். நாமக்கல்ல ஒரு ரெண்டு ரூம்பு ஊடு கட்டிக் குடுங்க. இந்த ஊட்ட இருவத்திமூணுக்கே எழுதித் தாரேன்."

பொன்னுசாமி வேப்பமரத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மனசுக்குள் சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் ஓடுவது எனக்கே தெரிந்தது. பிறகு பிடரியைச் சொறிந்துகொண்டு, "அதுக்கு வெளியாள் வெலையே சல்லிசுங்க நங்கை" என்றார்.

முதலில் சிரித்தது சரஸ்வதியம்மாதான். அப்புறம் பொன்னுசாமியும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன். நாலு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது. பொன்னுசாமி பேரம் பேசி முப்பத்தாறரைக்கு முடித்தார். பங்காளிக்கு ஒன்றரை லட்சம் குறைத்தது சரஸ்வதியம்மாவின் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது நாமக்கல் வீட்டுக்கு அட்வான்ஸ் போனது.

என் பெயர் கெட்டதா என்று கேட்பீர்கள். கொஞ்சம் கெட்டது. ஒரு மேனேஜர் நாலு மாசம் என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் வீடு விற்கிறவர்கள், "தப்புன்னு தெரிஞ்சா வந்து சொல்லிப்போடற பாய்" என்று தேடி வந்தார்கள். வந்தவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். இதுவரை இந்தத் தெருவில் யார் யாருக்கு விற்றார்கள்?

நீங்களும் அதைக் கேளுங்கள். வீட்டை விற்கப் போகிறவர் உங்கள் காகிதத்தில் கடைசி வரியை மட்டும்தான் படிப்பார், அதை வைத்துத்தான் மிச்ச வாழ்நாளைத் தீர்மானிப்பார். தப்பு என்று தெரிந்தால் முதலில் காகிதத்தைத் திரும்ப வாங்குங்கள். புது எண் நாலு நாள் கழித்து வரட்டும்.

போன வருஷம் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன் அப்படியே சரஸ்வதியம்மாவைப் பார்க்கப் போனேன். சின்ன வீடுதான். வாசலில் அவர் பெயரைச் சின்னப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார். அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நெய் ஊற்றி, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று உட்கார வைத்தார்.

"இந்த ஊடு இப்ப என்ன பெறுமுங்க பாய்?" என்று வேண்டுமென்றே கேட்டார்.

"யாரிடம் வாங்கினீர்கள்?" என்றேன் நான்.

"வெளியாளுகிட்டத்தானுங்க!" என்று கைகொட்டிச் சிரித்தார்.

அப்போது பட்டறையிலிருந்து மருமகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். மகள் வேலைக்குப் போகும் நாளெல்லாம் இங்கேதான் சாப்பாடாம். கையைக் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினார். சரஸ்வதியம்மா கரண்டியோடு நின்றபடி என்னைப் பார்த்தார்.

"பாத்தீங்களா பாய்," என்றார், "இப்ப மருமகன் எங்க ஊட்டுல கை நனைக்கறாருங்க."